சாவி யாரிடம் இருந்தது? மன்னார்குடிப் பக்கத்து அம்பாசடர் நியூஜெர்சிக்குப் போன கதை: ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

சென்னையில் ஒரு சுங்கத் தரகர் அலுவலகத்தில் ஏற்றுமதி ஆவணங்களைப் பார்த்துக்கொள்வது என் வேலை. சொந்த ஊர் திருவாரூர் பக்கம். அதனால் டெல்டாவிலிருந்து வீட்டுச் சாமான், வண்டி என்று எது வந்தாலும் பெரும்பாலும் என் மேசைக்குத்தான் வரும். இதுவும் அப்படி வந்ததுதான். குடும்பத்தாரின் சம்மதத்தோடு, யாரென்று தெரியாதபடி எழுதுகிறேன்.

மன்னார்குடிக்கும் நீடாமங்கலத்துக்கும் நடுவில் ஒரு கிராமம். அப்பா விவசாயி. வீட்டில் 1989 மாடல் அம்பாசடர், மார்க் 4, பெட்ரோல் வண்டி. கல்யாணத்துக்குப் போனதும் அதில்தான், ஆஸ்பத்திரிக்கு ஓடியதும் அதில்தான், நாற்றங்காலுக்கு விதை மூட்டை போனதும் அதில்தான். அப்பா காலமானார். ஒரே மகன் நியூஜெர்சியில் இருக்கிறார். வண்டியை விற்க அவருக்கு மனம் வரவில்லை. கொட்டகையில் துருப்பிடிக்க விடவும் மனமில்லை. தன்னிடமே கொண்டுபோய்விடலாம் என்று முடிவு செய்தார்.

இந்தியச் சாலைக்காகச் செய்த வண்டியைச் சாதாரணமாக அமெரிக்காவுக்குள் விடமாட்டார்கள். அங்குள்ள பாதுகாப்பு விதிக்கும் புகை விதிக்கும் அது ஒத்துவராது. ஆனால் தயாரித்து 25 ஆண்டு ஆன வண்டிக்குப் பாதுகாப்பு விதிகளில் விலக்கு உண்டு; அதற்கு எச்.எஸ்-7 என்ற படிவம். 21 ஆண்டு தாண்டி, என்ஜினை மாற்றாமல் பழையபடியே வைத்திருந்தால் புகை விதியிலும் விலக்கு. அதற்கு 3520-1 என்ற படிவம். 1989 மாடலுக்கு இரண்டுமே பொருந்தும். இங்கே ஆர்.சி. புத்தகத்தை வாரிசு என்ற முறையில் படிவம் 31 போட்டு மகன் பெயருக்கு மாற்றி, ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் தடையில்லாச் சான்றும் வாங்கியாகிவிட்டது. காகிதத்தைப் பொறுத்தவரை சுத்தமான வேலை. சிக்கல் வந்தது வண்டிக்குள்ளிருந்து.

அனுப்பும் முறையைத் தேர்ந்தது

வண்டியைக் கப்பலில் அனுப்ப இரண்டு வழி. ஒன்று ரோ-ரோ: வண்டியை ஓட்டியே கப்பலுக்குள் ஏற்றி, ஓட்டியே இறக்குவார்கள். சாவி துறைமுகத் தொழிலாளர் கையில்தான் இருக்கும். வழியில் எத்தனை பேர் கதவைத் திறந்தார்கள் என்று யாருக்கும் தெரியாது. அதனால் ஜாக்கி, ஸ்டெப்னி, வண்டியோடு வந்த கருவிகள் தவிர உள்ளே எதுவும் இருக்கக் கூடாது என்பது அங்கே பொதுவான கட்டுப்பாடு. மற்றொன்று கன்டெய்னர். 20 அடிப் பெட்டிக்குள் அம்பாசடர் தாராளமாக நிற்கும். பூட்டி சீல் வைத்துவிட்டால் அடுத்த துறைமுகம் வரை யாரும் தொடமாட்டார்கள். பழைய வண்டி, கார்புரேட்டர் என்ஜின், யார் யாரோ ஸ்டார்ட் செய்து பார்ப்பது நல்லதல்ல என்று நாங்கள் கன்டெய்னரைச் சொன்னோம்.

அந்த முடிவு சரிதான். ஆனால் "கன்டெய்னர்" என்ற சொல் கிராமத்தில் வேறு அர்த்தத்தில் போய்ச் சேர்ந்திருக்கிறது. துபாயிலிருந்து சாமான் அனுப்பிப் பழகிய ஓர் உறவினர், "கன்டெய்னர்னா எதை வேணாலும் வைக்கலாம்" என்று அம்மாவிடம் சொல்லியிருக்கிறார். அதில் பாதி உண்மை. கன்டெய்னருக்குள் வண்டிக்கு முன்னாலும் பின்னாலும் பெட்டி வைக்கலாம். ஆனால் ஒவ்வொன்றையும் பட்டியலில் எழுதி, கப்பல் நிறுவனம் ஒத்துக்கொண்டு, இரு நாட்டுச் சுங்கத்திலும் காட்டியிருக்க வேண்டும். வண்டியையே பெட்டியாக நினைத்து டிக்கியிலும் சீட்டுக்கடியிலும் நிரப்புவது வேறு விஷயம்.

விதி என்ன சொல்கிறது

காரைச் சொந்தச் சாமான் வைக்கும் பெட்டியாகப் பயன்படுத்தாதீர்கள் என்று அமெரிக்கச் சுங்கத் துறை வெளிப்படையாகவே சொல்கிறது. துறைமுகத்தில் ஏற்றும்போதும் இறக்கும்போதும் திருட்டுப் போகலாம். உள்ளே சாமான் இருந்தால் பல கப்பல்காரர்கள் வண்டியையே ஏற்கமாட்டார்கள். உள்ளே இருக்கும் அத்தனையையும் அறிவிக்க வேண்டும், அறிவிக்காவிட்டால் அபராதமோ, வண்டியும் சாமானும் சேர்ந்து பறிமுதலோ நடக்கலாம். யாராவது அந்த வண்டியில் போதைப்பொருளை ஒளித்து வைத்திருந்தாலும் சிக்குவது உரிமையாளர்தான்.

மண் இன்னொரு கண்டிப்பு. வண்டியின் அடிப்பாகத்தில் வெளிநாட்டு மண் ஒட்டியிருக்கக் கூடாது. ஏற்றுமதிக்கு முன்பே நீராவியோ அழுத்தத் தண்ணீரோ பீய்ச்சிக் கழுவ வேண்டும். மண்ணோடு புழுவும் நோயும் போய்ச் சேரும் என்ற பயம்தான் காரணம். டெல்டாக்காரர்களுக்கு இதைச் சொல்லிப் புரியவைக்கச் சிரமமில்லை. ஒரு வயலில் வந்த நோய் வாய்க்கால் தண்ணீரோடு அடுத்த வயலுக்குப் போவதைப் பார்த்தவர்கள் நாம்.

சரக்கு கப்பலில் ஏறுவதற்கு 24 மணி நேரம் முன்பே, கன்டெய்னரில் என்ன இருக்கிறது என்ற விவரம் அமெரிக்கச் சுங்கத்துக்குப் போய்விட வேண்டும். ஐ.எஸ்.எஃப். என்போம். தவறான விவரத்துக்கு 5,000 டாலர் வரை அபராதம் உண்டு. நம் பக்கத்திலோ, ஷிப்பிங் பில்லில், அதாவது ஏற்றுமதிக்காக நம் சுங்கத்தில் தாக்கல் செய்யும் அறிவிப்பில், எழுதாத பொருள் இருந்தால் 1962ஆம் ஆண்டு சுங்கச் சட்டத்தின் 113ஆம் பிரிவில் பறிமுதல் செய்யலாம். 114ஆம் பிரிவில் அபராதம்.

இந்த விதிகளை எல்லாம் மகனுக்கு மின்னஞ்சலில் அனுப்பினோம். அவர் ஒவ்வொன்றையும் படித்து, "வண்டியில் சொந்தச் சாமான் எதுவும் இல்லை" என்று கையெழுத்திட்டு அனுப்பினார். அவர் பொய் சொல்லவில்லை. அவருக்குத் தெரிந்தவரை எதுவும் இல்லை.

யார்டில் கண்டது

வண்டியை லாரியில் ஏற்றாமல் ஓட்டியே கொண்டுவந்தார்கள். அப்பா காலத்திலிருந்து ஓட்டும் டிரைவர் அண்ணன், கும்பகோணம், பண்ருட்டி, விக்கிரவாண்டி வழியாக முந்நூறு கிலோமீட்டருக்கு மேல் நிதானமாக வந்து, சாயங்காலம் கன்டெய்னர் யார்டில் நிறுத்தினார். எங்கள் பையன் வண்டியை நாலு பக்கமும் படம் எடுத்தான், மீட்டரைக் குறித்துக்கொண்டான். டிக்கியைத் திறக்கவில்லை. ஷிப்பிங் பில் ஏற்கெனவே தாக்கலாகிவிட்டது: பழைய கார், ஒன்று.

மறுநாள் காலை சுங்க அதிகாரி பரிசோதனைக்கு வந்தார். சேஸிஸ் எண், என்ஜின் எண் சரிபார்த்தார். அப்புறம் டிக்கியைத் திறக்கச் சொன்னார்.

டிக்கியில் இரண்டு அட்டைப்பெட்டி. ஒன்றில் வெண்கலப் பானையும் ஒரு ஜோடி நாச்சியார்கோவில் குத்துவிளக்கும், தண்டு தனி, தட்டு தனியாகக் கழற்றி, பழைய புடவையில் சுற்றியிருந்தன. மற்றதில் வடகம், மாவடு, கருவேப்பிலைப் பொடி, ஐந்து லிட்டர் செக்கு நல்லெண்ணெய். ஸ்டெப்னிக்குப் பக்கத்தில் ஒரு மஞ்சள் பை. அதற்குள் இரண்டு கிலோ மாப்பிள்ளைச் சம்பா விதைநெல். முன் சீட்டுக்கடியில் தண்ணீர் பாட்டில் ஒன்று, முக்கால்வாசி நிறைந்திருந்தது. அதிகாரி மூடியைத் திருகி முகர்ந்துவிட்டுத் தள்ளி வைத்தார். பெட்ரோல். காலையில் வண்டி முரண்டு பிடித்தால் கார்புரேட்டரில் ஊற்றி ஸ்டார்ட் செய்ய டிரைவர் அண்ணன் எப்போதும் வைத்திருப்பது. அவர் கையோடு எடுத்துப்போக மறந்துவிட்டார். எனக்கு வயிற்றைப் புரட்டியது அதுதான். வெயிலில் கொதிக்கும் இரும்புப் பெட்டிக்குள், வாரக்கணக்கில், பிளாஸ்டிக் பாட்டிலில் பெட்ரோல்.

பின் சீட்டில், முதுகுப் பலகைக்குப் பின்னால், வெள்ளை வேட்டியில் சுற்றிய ஒரு பொட்டலம். பிரித்தால் தவழும் கிருஷ்ணன். ஒரு சாண் உயரம். எண்ணெயும் சந்தனமும் ஏறிக் கறுத்திருந்தது. கழுத்து மடிப்பில் குங்குமம் இன்னும் சிவப்பாக இருந்தது.

அதிகாரி உடனே எல்லா வேலையையும் நிறுத்தினார்.

அவர் நிறுத்தியது நியாயம்தான். 1972ஆம் ஆண்டு தொல்பொருள், கலைக்கருவூலச் சட்டப்படி நூறு ஆண்டு ஆன சிலையைத் தனியார் யாரும் நாட்டைவிட்டு வெளியே அனுப்ப முடியாது. நூறா, நாற்பதா என்று யார்டில் நின்று கண்ணால் பார்த்துச் சொல்லவும் முடியாது. அதுவும் எங்கிருந்து வந்த வண்டி? இந்தக் குடும்பம் இருக்கும் அதே திருவாரூர் மாவட்டத்தில்தான் பத்தூர் இருக்கிறது. அந்த ஊர் நடராசர் சிலை மண்ணுக்கடியிலிருந்து லண்டன் வரை கடத்தப்பட்டுப் போய், நீதிமன்றத்தில் வழக்கு நடத்தி, 1991இல்தான் நாடு திரும்பியது. அப்படியொரு மாவட்டத்திலிருந்து, ரசீது இல்லாமல், வேட்டியில் சுற்றி, கணக்கில் காட்டாமல் ஒரு வெண்கலச் சிலை வந்தால் எந்த அதிகாரியும் நிற்கத்தான் வேண்டும்.

அம்மாவோடு பேசியது

முதல் தொலைபேசி மகனுக்கு. அங்கே நள்ளிரவு. அவருக்கு ஒன்றும் புரியவில்லை. "ரெண்டாவது சாவி அம்மாகிட்ட இருக்கு" என்று மட்டும் சொன்னார்.

அம்மாவிடம் பேசினேன். அவர் எதையும் மறைக்கவில்லை. "காருதான் காலியாப் போவுதே தம்பி. அவ்வளவு தூரம் போற வண்டி, வெறுங்கையோட போவக் கூடாதுன்னு வச்சேன். கிருஷ்ணன் அவன் பொறந்தப்ப அவங்கப்பா சுவாமிமலையில வார்க்கச் சொல்லி வாங்கினது. அவன்கிட்டதான் இருக்கணும்."

இதைக் கேட்டுக் கோபப்பட எனக்குத் தோன்றவில்லை. மெட்ராஸுக்குப் போகும் வண்டியில்கூட ஒரு மூட்டை அரிசியும் நாலு தேங்காயும் இல்லாமல் அனுப்பாத ஊர் எங்களுடையது. அவரிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை, சொல்லவும் இல்லை. நாங்கள் எழுதியதெல்லாம் நியூஜெர்சிக்கு. சாவி மாட்டியிருந்தது மன்னார்குடிப் பக்கத்தில்.

எடுத்த முடிவுகள்

முதல் முடிவுக்கு யோசனை தேவைப்படவில்லை. பெட்ரோல் பாட்டிலை யார்டின் பாதுகாப்புப் பிரிவிடம் அங்கேயே ஒப்படைத்தோம். வண்டியே ஆபத்தான சரக்கு வகையில் கணக்காவது. அதனால்தான் டாங்கில் மிகக் குறைந்த எரிபொருளோடு, பேட்டரி இணைப்பைக் கழற்றி அனுப்புகிறோம். தனியாக ஒரு பாட்டில் என்பதற்கு எந்த நியாயமும் இல்லை.

இரண்டாவது, மற்ற சாமான்கள். மூன்று வழி இருந்தன. சட்டத்தின் 149ஆம் பிரிவில் ஷிப்பிங் பில்லைத் திருத்தச் சொல்லி, அனுமதிக்கக்கூடியதை எல்லாம் எழுதி அனுப்புவது ஒன்று. சிலை, விதைநெல் இரண்டை மட்டும் எடுத்துவிட்டு விளக்கையும் பானையையும் அனுப்புவது இன்னொன்று. அம்மா கேட்டது அதைத்தான். மூன்றாவது, எல்லாவற்றையும் வெளியே எடுத்து ஊருக்கே திருப்புவது. யார்டில் இதை "பேக் டு டவுன்" என்பார்கள்.

மூன்றாவதைத் தேர்ந்தோம். காரணத்தைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். அமெரிக்காவுக்குக் குடியேறுபவர் தாம் ஓராண்டு பயன்படுத்திய வீட்டுச் சாமானை வரியில்லாமல் கொண்டுபோகலாம். ஆனால் இவை அம்மாவின் பாத்திரங்கள். மகனோ பல வருஷமாக அங்கேயே இருப்பவர். அந்தச் சலுகையை நம்பி எழுத முடியாது. ஐ.எஸ்.எஃப். விவரத்தை மாற்ற வேண்டும். காப்பீடு வண்டிக்கு மட்டும் எடுத்தது. பட்டியலில் இல்லாத விளக்கு உடைந்தால் யாரும் பொறுப்பில்லை. வண்டி குலுங்கும்போது குத்துவிளக்குத் தண்டு கண்ணாடியில் மோதினால், அந்தச் சேதத்துக்கும் காப்பீட்டுக்காரர் கேள்வி கேட்பார். எல்லாவற்றுக்கும் மேல், அங்கே ஒரு வடகப் பொட்டலத்தில் சந்தேகம் வந்தால் நிறுத்தி வைப்பது பொட்டலத்தை மட்டுமல்ல, வண்டியையும் சேர்த்துத்தான். மகன் கேட்டது வண்டியை.

விதைநெல்லில் விவாதமே இல்லை. அனுமதி இல்லாமல் நெல்லை அங்கே விடமாட்டார்கள். கப்ரா வண்டு என்று ஒன்று இருக்கிறது. நம் நாட்டுப்பக்கத்துப் பூச்சி, சேமித்த தானியத்தைத் தின்பது. அதன் புழு இரையே இல்லாமல் இடுக்கில் வருஷக்கணக்கில் உயிரோடு கிடக்கும். அந்த ஒரு பூச்சிக்காகவே இந்தியாவிலிருந்து வரும் அரிசியை அவ்வளவு கண்டிப்பாகப் பார்க்கிறார்கள்.

நெல் என்றதும் எனக்கு வேறொரு சந்தேகம் வந்தது. வீட்டில் "வாட்டர் சர்வீஸ்" செய்துதான் அனுப்பினோம் என்றார்கள். ஆனால் முப்பது வருஷம் மூட்டை ஏற்றிய வண்டி. பின் சீட்டைக் கழற்றச் சொன்னேன். அடியில், தேங்காய் நார் பிரிந்த இடத்தில், ஒரு கைப்பிடி நெல் இருந்தது. சில மணிகள் எப்போதோ மழைத்தண்ணீர் பட்டு முளைவிட்டு, வெள்ளை வேரோடு அப்படியே காய்ந்திருந்தன. சக்கரத்துக்கு மேல் மட்கார்டு மடிப்பில் விரல் கனத்துக்குக் களிமண். வாட்டர் சர்வீஸ் மேலே பளபளப்பாக்கியதே தவிர அங்கெல்லாம் எட்டவில்லை. இன்னொரு முறை லிஃப்டில் ஏற்றி, அழுத்தத் தண்ணீரும் நீராவியும் அடித்து, உள்ளே வாக்குவம் போட்டு, ஒவ்வொரு கட்டத்தையும் படம் எடுத்து வைத்தோம்.

மூன்றாவது, சிலை. அம்மாவும் மகனும் நடந்ததை எழுத்தில் கொடுத்தார்கள். எதையும் மூடி மறைக்கவோ, "டிரைவர் வைத்தது" என்று சொல்லவோ வேண்டாம் என்று நாங்கள் உறுதியாக இருந்தோம். யாரோ அப்படி யோசனையும் சொன்னார்கள். முப்பது வருஷம் அந்த வீட்டில் உழைத்த மனிதர் மேல் சிலைக் கடத்தல் சந்தேகம் விழுந்திருக்கும். இந்தியத் தொல்லியல் துறையின் நிபுணர் கருத்துக்குச் சிலை போனது.

தொடர்ந்தது

பதிவு செய்த கப்பல் போய்விட்டது. யார்டில் வாடகை நாள் கணக்கில் ஏறியது. மூன்று வாரத்துக்குப் பிறகு, சிலை தொல்பொருள் அல்ல, அண்மைக் காலத்து வார்ப்பு என்று சான்று வந்தது. அறிவிக்காததற்கு அபராதம் கட்டினோம்; விளக்கம் நேர்மையாக இருந்ததால் அதோடு முடிந்தது. பெட்டிகளும் சிலையும் வெளியே வந்தன.

பிறகு புதிய பரிசோதனை. இந்த முறை நாங்களே எல்லாக் கதவையும் திறந்து வைத்துக் காத்திருந்தோம். சக்கரத்துக்கு முட்டுக் கொடுத்த மரக்கட்டைகளில் ஐ.பி.பி.சி. முத்திரை இருக்கிறதா என்றுகூட ஒவ்வொன்றாகப் பார்த்தேன். சூடேற்றிப் பூச்சி கொல்லாத மரம் போனால் அதற்கும் நிறுத்துவார்கள். நாலு சக்கரத்தையும் பெல்ட் போட்டு இறுக்கி, இரண்டு சாவியையும் வாங்கிக்கொண்டு, சீல் வைத்தோம்.

அங்கே கன்டெய்னர் எக்ஸ்ரேக்குத் தேர்வானது. படத்தில் வண்டியும் ஸ்டெப்னியும் ஜாக்கியும் மட்டும்தான். கழுவிய படங்களையும் கேட்டார்கள், அனுப்பினோம். வண்டி வெளியே வந்தது. அந்த நெல்லும் களிமண்ணும் பாட்டிலும் அந்த எக்ஸ்ரேக்கு முன் நின்றிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இப்போதும் சில ராத்திரி நினைத்துப் பார்ப்பேன்.

இனி மாற்றிக்கொண்டது

தவறு எங்களுடையது என்று எழுதுவதில் எனக்குத் தயக்கமில்லை. சுங்கத் தரகர் வாடிக்கையாளருக்கு விதியை எடுத்துச் சொல்லி, தாக்கல் செய்யும் விவரம் சரியா என்று அக்கறையோடு பார்க்க வேண்டும் என்பது 2018ஆம் ஆண்டு உரிமம் வழங்கும் விதிகளிலேயே இருக்கிற கடமை. நாங்கள் எடுத்துச் சொன்னோம், ஆனால் வண்டி பக்கத்திலேயே இல்லாத ஒருவரிடம்.

இப்போது எங்கள் விவரத்தாளில் முதல் கேள்வி, "வண்டிச் சாவி எத்தனை, ஒவ்வொன்றும் யாரிடம்?" சாவி வைத்திருக்கும் ஒவ்வொருவரிடமும் தமிழில், தொலைபேசியில், நானே பேசுகிறேன். எழுதி அனுப்பினால் படிக்கமாட்டார்கள் என்பதல்ல காரணம். பேசினால்தான், "ஒரு சின்ன விளக்குதான் தம்பி" என்று அவர்கள் திருப்பிக் கேட்பார்கள். கேட்டால்தான் வேறு வழி சொல்ல முடியும்: விளக்கை நேரில் வரும்போது பெட்டியில் எடுத்துப்போகச் சொல்லலாம், சிலைக்கு முன்கூட்டியே சான்று வாங்கித் தரலாம். வண்டியில் எதுவும் வைக்காதீர்கள் என்று மட்டும் சொல்லி நிறுத்தினால், வைக்க நினைப்பவர் சொல்லாமல் வைப்பார். அது அவர்களுடைய குற்றமல்ல.

வண்டி யார்டுக்குள் நுழைந்ததும், ஓட்டி வந்தவர் கிளம்புவதற்கு முன், அவரையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு டிக்கி, டேஷ்போர்டு, சீட்டடி, ஸ்டெப்னி எல்லாவற்றையும் திறக்கிறோம். ஷிப்பிங் பில் அதற்கு அப்புறம்தான். டெல்டா வண்டி என்றால் பின் சீட்டைக் கழற்றுவதும் உண்டு. ஒரு நாள் கூடுதலாகிறது. வாடிக்கையாளர்களுக்கு அதை முன்பே சொல்லிவிடுகிறோம்.

பொங்கலுக்கு மகன் ஊருக்கு வந்தார். குத்துவிளக்கை விமானப் பெட்டியில் எடுத்துப்போனார். சான்று கையில் இருக்கிறதே, கிருஷ்ணனையும் கொண்டுபோகலாம் என்று சொன்னேன். அம்மாவிடம் கேட்டிருக்கிறார். "அவர் இங்கயே இருக்கட்டும், நீ வந்து பாரு" என்றாராம். மாப்பிள்ளைச் சம்பா விதை அந்தப் பருவத்திலேயே நாற்றங்காலுக்குப் போய்விட்டது.